ரதம் எத்தனை கிலோ, தலைவர் அண்ணே?

ஈஜோக் வட்டாரத்துத் தோட்டக் கோயில் ஒன்றின் ரதக் கமிட்டித் தலைவர் அண்ணன் அவர்களுக்கும், செயலாளர், பொருளாளர், மைக் கையில் கிடைத்தால் விடாத ஆலோசகர்கள் அனைவருக்கும் பணிவான வணக்கம்.

புது ரதத்தைப் பார்த்தேன். கண் கூசியது. மயிலும் சிங்கமும் யாளியும் நெருக்கியடித்து நிற்கின்றன. கோபுரத்தில் ஓடும் விளக்கு, பீடத்தைச் சுற்றி ஓடாத விளக்கு. பக்கவாட்டில் உபயதாரர் பெயர்கள், காலமானவர்கள்கூட விடுபடவில்லை. விடுபட்டது ஒன்றே ஒன்றுதான்: ரதத்தின் எடை.

கூட்டத்தில் கேட்டேன். "சாமி ரதத்துக்கு எடை பார்க்கிறதா? தெய்வக் குத்தம்பா" என்று ஆலோசகர் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மனுக்குச் சாத்திய சங்கிலியை நகைக்கடைத் தராசில் வைத்து, புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை எழுதி ரசீது வாங்கினோமே, அப்போது குத்தம் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

ரதத்தை இழுக்கத் தோட்டத்து டிராக்டர் போய் உபயதாரர் ஒருவரின் ஹைலக்ஸ் போர்வீல் வந்ததில் எல்லாருக்கும் சந்தோஷம். டிராக்டர் புகை விடும், போட்டோவில் நன்றாக விழாது. போர்வீல் வெள்ளையாக இருக்கிறது. கதவில் அவர் கடை விளம்பரமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கிழட்டு டிராக்டர் செம்பனைக் குலை ஏற்றிய டிரெய்லரை வருஷக்கணக்கில் இழுத்துப் பழகியது. சின்ன கியரில் போட்டால் இறக்கத்தில்கூடத் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். கடையிலிருந்து வந்த போர்வீலுக்கு அந்த அனுபவம் எல்லாம் கிடையாது. அது ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போய்ப் பழகியது.

பொருளாளர் கைப்பேசியை நீட்டினார். "பாரு தம்பி, ஹைலக்ஸ் 3,500 கிலோ இழுக்கும்னு போட்டிருக்கான்." உண்மைதான். ஆஸ்திரேலியாவில் விற்கும் ஹைலக்ஸ் போர்வீலுக்கு அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். அடுத்த வரியை அவருடைய கட்டைவிரல் மறைத்திருந்தது. பின்னால் வரும் வண்டிக்குத் தனியாக பிரேக் இருந்தால்தான் 3,500, இல்லையென்றால் 750. அதுவும் பின்பெட்டி நிறைய ஆளை ஏற்றிக்கொண்டு அல்ல. ஏற்றும் பாரமும் இழுக்கும் பாரமும் சேர்ந்து ஒரு மொத்த வரம்பு உண்டு. ஒன்று கூடினால் மற்றது குறைய வேண்டும். நம் போர்வீலின் பெட்டியில் உறுமி மேளக் குழுவே உட்கார்ந்திருக்கிறது, குளிர்பானப் பெட்டிகளோடு.

நம் ரதத்துக்கு என்ன பிரேக் என்று பார்த்தேன். நான்கு எலுமிச்சம்பழம்.

திருவாரூர் ஆழித்தேர் 96 அடி, சுமார் 300 டன். வடம் பிடித்து இழுப்பவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். படம் எடுப்பவர்கள் அவர்களைத்தான் எடுப்பார்கள். தேரை உண்மையில் நடத்துகிறவர்கள் சக்கரத்தடியில் குனிந்து ஓடும் ஆட்கள். முட்டுக்கட்டையை எந்தச் சக்கரத்துக்கு, எந்தப் பக்கம், எந்த நொடியில் போடுவது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அது போதாதென்று திருச்சி பெல் நிறுவனத்தாரைக் கொண்டு ஹைட்ராலிக் பிரேக்கும் வைத்துவிட்டார்கள். இழுக்க ஆள் கிடைக்கும், நிறுத்தத்தான் ஏற்பாடு வேண்டும் என்பது அந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது. நாமும் அந்த மண்ணிலிருந்துதான் வந்தோம் என்று திருவிழா மேடையில் பேசுகிறோம். முட்டுக்கட்டையைக் கமிட்டிக் கூட்டத்தில் மட்டும் போடுகிறோம்.

இன்னொன்று. நம் ரதம் நடுவில் அச்சு வைத்த டிரெய்லர் மேல் கட்டியது. இந்த மாதிரி வண்டியில் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காவது முன்னால் கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். நீங்கள் ஜெனரேட்டரை வால்பக்கம் வைத்திருக்கிறீர்கள், சத்தம் குருக்களுக்குக் கேட்கக் கூடாதென்று. ஒலிபெருக்கியும் பின்னால்தான். வால் கனத்தால் கொக்கி மேலே தூக்கும், போர்வீலின் பின்சக்கரம் தரையில் பிடிப்பை இழக்கும், வேகம் கூடினால் ரதம் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். நடைவேகத்தில் போகிற ரதம் எப்படி ஆடும் என்று கேட்பீர்கள். விடியற்காலையில் கொட்டகைக்குத் திரும்பும்போது வந்து பாருங்கள், அண்ணே. சாமி இறங்கியதும் தம்பிகளுக்குப் பயமும் இறங்கிவிடுகிறது. தூக்கக் கலக்கத்தில், வீட்டுக்குப் போகும் அவசரத்தில் மிதிக்கிறார்கள்.

நடைவேகமும் சும்மா இல்லை. ஆட்டோ கியர் வண்டி பாரத்தோடு மணிக்கணக்கில் ஊர்ந்தால் எதிர்க்காற்று இல்லாமல் கியர் எண்ணெய் கொதிக்கும். கை கியர் என்றால் கிளட்ச் கருகும். போன திருவிழாவில் நள்ளிரவுக்கு மேல் ஒரு வாசனை வந்தது. சாம்பிராணி என்று நினைத்துப் பாட்டி ஒருவர் கும்பிட்டார்.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் அப்பர் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். நம் ஈஜோக்கோ 2007 இடைத்தேர்தலில் அவசர அவசரமாகச் சாலை போட்டுப் பார்த்த ஊர். தேர்தலுக்குத் தேர்தல் தார் ஏறுகிறது, ரதமும் கமிட்டிக்குக் கமிட்டி உயர்கிறது. கம்பி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பகடியைக் கொஞ்சம் ஓரமாக வைக்கிறேன். 2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதிக் கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் இறந்தார்களே, அவர்கள் எங்கிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள்? அங்கே நடந்த நம்மவர் சித்ரா பௌர்ணமி ரத ஊர்வலத்துக்குக் காவல் நின்றுவிட்டு. அந்த லோரியில் அனுமதித்த அளவுக்கு மேல் பாரம் இருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. அன்றைக்கு நம் கோயிலிலும் மௌன அஞ்சலி செலுத்தினோம். அதன் பிறகு நடந்த முதல் கூட்டத்தில் ரதத்துக்கு இன்னும் இரண்டு சிங்கம் சேர்க்கத் தீர்மானம் போட்டோம்.

எடை என்றால் நமக்குப் புதுசா, அண்ணே? நம் பாட்டிமார் விடியும் முன்னே பால்மரம் சீவி, வாளி சுமந்து, ஸ்டோரில் வரிசையில் நின்றவர்கள். கிராணி தராசில் அரைக் கிலோ குறைத்து எழுதினால் அங்கேயே நின்று சண்டை போட்டவர்கள். எடைதான் அவர்களுக்குச் சம்பளம், எடைதான் அரிசி. செம்பனையிலும் அதே கதைதான். நாட்டிலேயே முதல் செம்பனைத் தோட்டம் 1917-இல் ஹென்றி ஃபோகொன்னியே போட்ட தென்னமரம் தோட்டம். இதே கோலசிலாங்கூர் மாவட்டம்தான், பெஸ்தாரி ஜெயா பக்கம். அன்றிலிருந்து குலைக்கு எடை, லோரிக்கு எடை. சாலையில் போகிற எந்தச் சரக்கு லோரியைப் பார்த்தாலும் பாரமில்லாமல் எவ்வளவு, பாரத்தோடு எவ்வளவு என்று பக்கத்தில் எழுதியிருக்கும். அந்தப் பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் கட்டிய ரதத்துக்கு மட்டும் எடை இல்லையாம், பக்தி மட்டும்தானாம்.

ஆகவே கமிட்டிக்கு என் விண்ணப்பம். செம்பனை ஆலைகளில் எல்லாம் எடைமேடை இருக்கிறது. திருவிழாவுக்கு முன் ஒருநாள் ஆலைக்காரரிடம் சொல்லிவிட்டு ரதத்தைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். ஜெனரேட்டர், ஒலிபெருக்கி, பழத்தட்டு, குருக்கள், முருகன் வேஷம் போட்ட பிள்ளைகள், போட்டோவுக்கு ஏறும் ஓய்.பி. அத்தனையும் ஏற்றியே நிறுத்துங்கள். வரும் சீட்டை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். எண் பெரிதாக இருந்தால் ரதத்துக்கு பிரேக் வையுங்கள், அல்லது டிராக்டரைத் திரும்பக் கூப்பிடுங்கள். கொக்கியோடு ஒரு சங்கிலியும் போடுங்கள். இறக்கத்தில் கட்டையோடு இருவர் நடக்கட்டும். எடைமேடைக் கூலி என் உபயம். பெயர் எழுத வேண்டாம், அந்த இடத்தில் எடையை எழுதுங்கள்.

சீட்டு ஒட்டும்வரை எங்கள் வீட்டுக் குட்டி முருகன் ரதத்தில் ஏறமாட்டான். வேலைப் பிடித்துக்கொண்டு நடந்தே வருவான்.

இப்படிக்கு,
ரதத்துக்குப் பின்னால், சற்றுத் தள்ளியே நடக்கும் ஓர் உபயதாரர்,
ஈஜோக்.