விழுவதற்குக் கட்டணம்

லண்டன்

அன்புள்ள மாமாவுக்கு,

இந்த ஊரில் காசு வாங்கிக்கொண்டு சுவர் ஏற விடுகிறார்களாமே, அதற்கும் கூட்டம் வருகிறதாமே என்று கேட்டிருந்தீர்கள். கேள்வியோடு சிரிப்பும் கடல் தாண்டி வந்து சேர்ந்தது. செய்தி உண்மைதான். ஸ்டோக் நியூவிங்டன் பகுதியில், 1850-களில் தண்ணீர் இறைக்கக் கட்டிய நிலையம் ஒன்று கோட்டை வடிவில் நிற்கிறது. 1995-இலிருந்து அது ஏறு கூடம். எந்த ராஜாவும் ஆளாத அந்தக் கோட்டைக்குள், சாயங்காலமானால் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதே வியாபாரம் ஊரெங்கும் பழைய கிடங்குகளிலும் நடக்கிறது.

கயிறு இல்லாமல் ஏறுவதற்கு போல்டரிங் என்று பெயர். சுவரின் உயரம் நாலு, நாலரை மீட்டர். உங்கள் தோட்டத்துச் சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி சர்வசாதாரணமாகத் தாண்டும் உயரம் அது. சுவர் முழுக்கப் பல நிறத்தில் பிளாஸ்டிக் பிடிகளைத் திருகி வைத்திருப்பார்கள். மஞ்சளில் தொடங்கியவர் மஞ்சளிலேயே முடிக்க வேண்டும். மூக்குக்கு நேரே பானை அளவு பச்சைப் பிடி இருந்தாலும் தொடக்கூடாது. பாதை பழகிப்போனால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வேறு விதமாக மாட்டுவார்கள். விரல் மடங்கும்படி இறுக்குகிற ரப்பர் ஷூ வாடகைக்குக் கிடைக்கும். முன்பு யார் போட்டார்கள் என்பதை மூக்கே சொல்லிவிடும். கை வேர்வைக்கு மெக்னீசியம் கார்பனேட் பொடி. உச்சியில் தேனடையும் இல்லை, பலாவும் இல்லை. தொட்டுவிட்டு இறங்குகிறார்கள். இதுவரைக்கும் நீங்கள் சிரிக்கலாம்.

ஆனால் அவர்கள் காசு கொடுப்பது ஏறுவதற்கு அல்ல, விழுவதற்கு என்பது என் கட்சி. சுவரை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். ஓர் அடி தடிமனுக்கு, இடைவெளியில்லாமல் மெத்தை. புதிதாக வருகிறவருக்கு முதல் பாடமே விழும் விதம்தான்: முழங்காலை மடக்கு, இரண்டு காலிலும் இறங்கு, அப்படியே பின்னால் உருளு, கையை மட்டும் ஊன்றாதே, மணிக்கட்டு போய்விடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இதே நியாயம்தான். ஒரு பாதையை முடித்தால் 25 மதிப்பெண். தவறிய முயற்சி ஒவ்வொன்றுக்கும் கழித்தது வெறும் 0.1. விழுவதற்கு இவ்வளவு மலிவாக விலை வைத்தால், முடியாது என்று தோன்றும் பிடிக்கும் மனிதன் கை நீட்டத்தான் செய்வான். அடுத்த தடவை எட்டியும் விடுவான்.

பயம் போனால் கவனமும் போய்விடும் என்று நீங்கள் சொல்வீர்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. மெத்தை இருந்தும் கணுக்கால் பிசகுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள்; உள்ளே விடுமுன் கையெழுத்து வாங்குவது சும்மா இல்லை. ஆனாலும் பயம் ஆளை நிதானமாக்குவதில்லை, விறைப்பாக்குகிறது. விறைத்த கைதான் சீக்கிரம் சோர்ந்து நழுவும். வயிறு நிறைந்தவர்களின் விளையாட்டு இது என்பது உங்கள் அடுத்த வாதமாக இருக்கும். சரிதான், மறுக்க மாட்டேன். நம் செம்மேட்டு மலையில் மிளகுக்கும் தேனுக்கும் ஏறுகிறார்கள், முடவாட்டுக்கால் கிழங்குக்குப் பாறையில் தொற்றுகிறார்கள். (அந்தக் கிழங்கு சூப்புக்கு இங்கே ஒரு கடை போட்டால், முட்டி வலிக்காரர்களே போதும், பிழைத்துக்கொள்ளலாம்.) ஆனால் இந்த வாதம் உங்கள் பக்கம்தான் திரும்புகிறது, மாமா. பொழுதுபோக்குக்கு ஏறுகிறவன் காலடியில் ஓர் அடி மெத்தை இருக்கிறது. பிழைப்புக்கு ஏறுகிறவன் காலடியில் என்ன இருக்கிறது?

தை, மாசியில் மிளகு பறிக்கும் ஆளை நினைத்துப் பாருங்கள். ஏணி என்பது ஒற்றை மூங்கில்; கால் வைக்கக் கிடைப்பது கணுவில் பெருவிரல் நுழைகிற இடம். காலைப் பனியில் அதுவும் வழுக்கும். இடுப்பில் பை கனக்கக் கனக்க ஆள் ஒரு பக்கம் சாய்கிறார். கீழே காப்பிச் செடி, அதற்குக் கீழே கல். யானைக்கும் அடி சறுக்கும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறோம். சறுக்கினால் என்ன ஏற்பாடு என்று கேட்டால் மட்டும், எங்கள் ஆள் விழமாட்டான் என்கிறோம். விழாதவன் கெட்டிக்காரன் என்பது நமக்குப் பெருமை. அந்தப் பெருமைக்கு ஈடு கொடுப்பது அவன் முதுகெலும்பு.

சரிவில், காப்பிச் செடிக்கு நடுவே மெத்தை விரிக்க முடியாது என்று எனக்கும் தெரியும். மெத்தை வேண்டாம். மரத்தோடு சேர்த்துக் கட்டும் இடுப்புப் பட்டையும் நல்ல கயிறும் போதும். பட்டை மாட்டினால் பறிப்பு தாமதமாகும், கூலி கூடும் என்று கணக்குப் போடுவீர்கள். கூடட்டும். வரும் தைக்குள் நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ இறங்கும்போது உங்கள் ஆட்களுக்கு ஆளுக்கொன்று வாங்கி வாருங்கள். பணம் நான் அனுப்புகிறேன். அத்தையிடம் கணக்குச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்