குருகின் கேமரா ஒவ்வாமை: பள்ளிக்கரணையை முன்வைத்து ஓர் ஆய்வு

சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஒருபுறம் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு, ஊடே ரேடியல் சாலை, சுற்றிலும் ஐ.டி. கட்டடங்கள். இத்தனை இரைச்சலுக்கும் அசையாமல் மீன் பிடிக்கும் மஞ்சள் குருகு, முக்காலி விரியும் ‘டக்’ சத்தத்துக்கு மட்டும் மாயமாவது ஏன்? அறிஞர்கள் கவனிக்கத் தவறிய (அல்லது கவனித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போன) இக்கேள்வியே நம் ஆய்வுப் பொருள்.

முதலில் உடற்கூறு. குருகு ஓடி ஒளிவதில்லை. அலகை வானத்துக்கு நீட்டி, உடம்பை ஒடுக்கி, சம்புப் புல்லோடு சம்பாக நின்றுவிடும். கண்கள் தாழ அமைந்திருப்பதால் அலகு மேலே போனாலும் பார்வை நம்மீதுதான். அதாவது, நாம் தேடுவதை அது முழுநேரமும் வேடிக்கை பார்க்கிறது. கானாங்கோழி வேறு கட்சி: பக்கவாட்டில் ஒடுங்கிய உடம்பு, கோரைக்குள் நுழைந்தால் ஒரு தாள் அசையாது.

களத்தில் தெளிந்த விதி: பறவை வெளிப்படும் வாய்ப்பு, கேமராவின் ஆயத்தத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். லென்ஸ் மூடி போட்டிருக்கையில் அதிகம். பேட்டரி மாற்றுகையில் உச்சம். பிளாஸ்கைத் திறந்தால் குடும்பத்தோடு வரும். அந்நேரம் பைக்கை ஓரங்கட்டிய டெலிவரி தம்பி, கைபேசியில் ஒன்று எடுத்து, “இதுவாண்ணே?” என்பார். அதுதான். நம் 600 மி.மீ. லென்ஸின் தவணை பாக்கி இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

கிடைத்த படங்களில் முன்னால் நிற்கும் சம்பு துல்லியம், பின்னால் குருகு மங்கல். தாவரவியல் துறை கேட்டால் மொத்தமாகத் தரத் தயார்.

இனி முடிவு. லாரி தினமும் வருகிறது, நின்று முறைப்பதில்லை. வண்டிக்குப் பழகிய பறவை, அதிலிருந்து இறங்கும் இருகால் உருவத்துக்குத்தான் மிரள்கிறது. ஆகவே இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, காருக்குள்ளிருந்தே எடுப்பது உத்தமம். (ரேடியல் சாலையின் நடுவில் நிறுத்தினால் முதலில் வெளிப்படும் இனம் போக்குவரத்துப் போலீஸ்.)

கைபேசியில் பறவைக் குரலைப் போட்டு அழைப்பவர்களிடம் ஒரு விண்ணப்பம். பறவை படத்துக்கு நிற்க வருவதில்லை. தன் இடத்தில் எதிரி புகுந்துவிட்டதென்று சண்டைக்கு வருகிறது. கூடு கட்டும் காலத்தில் அதற்கு வேறு வேலை உண்டு. அந்த ஒலியை மட்டும் நிறுத்திவிடுங்கள், ஐயா.