புள்ளி வட்டத்துக் குடிகள்

மிஷிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த புன்யா மிஸ்ரா, மேத்யூ கோலர் என்ற இருவர் 2006இல் 'டிபேக்' என்ற சட்டகத்தை விரிவாக எழுதினார்கள். மூன்று வட்டங்கள்: பாடம், கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம். மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும் நடுத்துண்டில் நல்ல வாத்தியார் நிற்பாராம். பிற்பாடு மூன்றையும் சுற்றிப் புள்ளி புள்ளியாக இன்னொரு வட்டம் சேர்ந்தது. அது சூழல், அதாவது ஊர், ரோடு, கரண்ட், பிள்ளை சாப்பிட்டானா இல்லையா என்பது. ஆசிரியர் பயிற்சியில் பவர்பாயிண்ட் ஓடும்போது முதல் மூன்று வட்டங்களும் பளபளவென்று கலரில் தெரியும். நான்காவதுக்குக் கலர் கிடையாது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலை அந்தப் புள்ளிகளுக்குள்தான் கிடக்கிறது.

வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு என்று சிதறிக் கிடக்கும் மலையாளிப் பழங்குடிகளின் ஊர்கள். சாமையும் தினையும் மரவள்ளியும் போட்டும் வயிறு நிறையாமல், மூட்டை கட்டி வெளியூர் வேலைக்குப் போகும் சனம். ஜாகீர்தார்களுக்குக் கூலியில்லாமல் உழைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள்தான் இன்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்படி ஒரு மலை இருப்பதைக் கோட்டை கவனிக்க என்ன தேவைப்பட்டது? 2024 ஜூனில் கீழே கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு 60 பேருக்கு மேல் சாக வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்களின் நிலை குறித்து வழக்கெடுத்தது. அன்றைய முதல்வரோ அமைச்சர் உதயநிதியோ நேரில் போய்ப் பார்க்கலாமே என்று நீதிபதிகள் சொல்லும் நிலை வந்தது. ஓட்டுக் கேட்க ஏறத் தெரிந்த கால்களுக்கு மற்ற நாளில் வழி சொல்ல நீதிமன்றம் வேண்டியிருக்கிறது.

சட்டகத்துக்கு வருவோம். ரூபன் புவென்டெதுரா என்ற இன்னொருவர் நான்கு படிகள் சொன்னார். பழைய கருவி இருந்த இடத்தில் புதியதை வைப்பது முதல் படி. அதனால் வேலை கொஞ்சம் மேம்படுவது இரண்டாவது. பாடத்தையே மாற்றி அமைப்பது மூன்றாவது. முன்பு நினைத்தே பார்க்க முடியாததைச் செய்வது நான்காவது. ஐயா, முதல் படியில் நாங்கள் உங்களுக்கே குரு. 2024இல் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில், தான் வராமல் தன் இடத்தில் வேறொருவரை வைத்துப் பாடம் நடத்தியதாக அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் சஸ்பெண்ட் ஆனார். கருவியை மாற்றுவது பெரிய காரியமா? நாங்கள் வாத்தியாரையே மாற்றுவோம். நான்காம் படியும் எட்டிவிட்டோம்: வாத்தியாரே இல்லாத வகுப்பில் டிவி பாடம் நடத்தும். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் வந்தது, கள்ளக்குறிச்சி மாவட்டம் அதே ஆண்டு நவம்பரில்தான் பிறந்தது. மாவட்டத்துக்கு முன்பே சேனல் வந்துவிட்டது. மலைமேல் உண்டு உறைவிடப் பள்ளிக்கு வேண்டிய ஆசிரியர் மட்டும் வந்துகொண்டே இருக்கிறார்.

அரசு கஞ்சத்தனம் பண்ணியது என்று யாரும் சொல்ல முடியாது. 22,931 ஸ்மார்ட் கிளாஸ், தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்கு டேப் என்று மாநிலம் முழுவதற்கும் அறிவித்தார்கள். கொடுக்கட்டும். கடலே பார்க்காத பிள்ளை திரையில் திமிங்கலம் பார்ப்பதில் எனக்கென்ன வயிற்றெரிச்சல்? ஆனால் அந்த டேப் எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கவனியுங்கள். பிள்ளையை அல்ல, மேலதிகாரியைப் பார்க்கிறது. எமிஸ் என்ற கல்வித் துறைத் தகவல் தளத்தில் வருகைப் பதிவு, எமிஸில் தேர்வு, எமிஸில் இலவசச் செருப்பின் அளவு. ரிப்பன் வெட்டினால் போட்டோ, கை கழுவினால் போட்டோ. இரண்டு வாத்தியார் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளியில் ஒருவர் டவர் தேடி வாசலுக்குப் போனால் பாதிப் பள்ளி அனாதை. இந்த எமிஸ் சுமையை இறக்கச் சொல்லியும் 2023இல் டிட்டோஜாக் என்ற தொடக்கக் கல்வி ஆசிரியர் கூட்டமைப்பினர் போராடினார்கள். அரசும் இறக்குவதாக வாக்குக் கொடுத்தது. வாக்கை மட்டும் யாரும் எமிஸில் ஏற்றவில்லை போலிருக்கிறது. அது நிலுவை என்று எந்தத் திரையிலும் சிவப்பாகக் காட்டுவதில்லை.

மலையிலிருந்து கடுக்காய் இறங்கியது, புளி இறங்கியது, கூலியாள் இறங்கினான். இப்போது தகவல் இறங்குகிறது. ஜாகீர்தாருக்கு மூட்டை, டாஷ்போர்டுக்குப் புள்ளிவிவரம்.

இது நம் ஊர்க் கூத்து மட்டுமல்ல. பெரு நாட்டில் கிராமப் பிள்ளைகளுக்கு லேப்டாப்பை அள்ளிக் கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் ஆராய்ந்தபோது கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் கூடியதாக எந்தத் தடயமும் இல்லை என்று 2012இல் தெரிந்தது. யுனெஸ்கோவின் 2023 அறிக்கையும் தொழில்நுட்பம் யார் விருப்பப்படி வகுப்புக்குள் வருகிறது என்றுதான் கேட்டது. அந்த மிஸ்ராவே 2019இல் தன் படத்தைத் திருத்தி, புள்ளி வட்டமும் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டிய அறிவுதான் என்று பெயரிட்டுச் சேர்த்தார். வட்டம் வரைந்தவருக்கே உறைத்துவிட்டது. வரைந்த படத்தைக் காப்பி அடித்தவர்களுக்கு உறைக்கவில்லை.

அதனால் ஒரு விண்ணப்பம். அடுத்த தொழில்நுட்பப் பயிற்சியைச் சென்னை ஏசி அரங்கில் வைக்காதீர்கள். ஆடி மாதம், காற்றடிக்கும் நாளாகப் பார்த்து, சேராப்பட்டில் வையுங்கள். செயலர், இயக்குநர், இணை இயக்குநர் எல்லோரும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்று, வருகிற பஸ்ஸில் ஏறி வர வேண்டும். ஜீப் கூடாது. ஆளுக்கு ஒரு டேப் கொடுக்கப்படும். காலை பத்து மணிக்குள் வருகையை மலைமேலிருந்தே பதிவேற்ற வேண்டும். 'டவர் இல்லை', 'கரண்ட் இல்லை', 'சர்வர் சுற்றுகிறது' போன்ற காரணங்கள் ஏற்கப்படமாட்டா. பத்து மணி ஒரு நிமிடத்துக்கு, விளக்கம் கேட்டு ஒழுங்கு விதி 17பி மெமோ கையில் கிடைக்கும்.