யாருக்கும் இல்லாத பேர் வைப்பது எப்படி?

அமெரிக்காவில் பிள்ளைக்குப் பேர் தேட ஜோசியரும் வேண்டாம், அத்தையும் வேண்டாம். அங்கே சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880-லிருந்து பிறந்தவர்களின் பேர்க் கணக்கு வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எடுத்து எக்செல்லில் போட்டு கிராஃப் வரையத் தொடங்குங்கள். ஆஸ்பத்திரிக்குப் பை கட்டுகிற வேலையை மனைவி பார்த்துக்கொள்வார்.

வரையத் தெரியாதவர்களுக்காக மார்ட்டின் வாட்டன்பெர்க் 2005-லேயே 'பேபி நேம் வாயேஜர்' என்று ஒன்றைச் செய்தார். மனைவி லாரா பேர் வைப்பது பற்றி எழுதிய புத்தகத்துக்குக் கணவரின் கைங்கரியம். ஆண் பேர் நீலப் பட்டை, பெண் பேர் ரோஸ் பட்டை. ஓர் எழுத்தை அடித்தால் அதில் தொடங்காத பேரெல்லாம் ஒதுங்கிவிடும். ஆலிவர், ஒலிவியாவுக்கான ஆங்கில 'ஓ'வை அடித்தால் நூறு வருடத்துக்கு முன்னால் மேடு, 1950 வாக்கில் பள்ளம், இப்போது மறுபடி மேடு. அதாவது கொள்ளுத்தாத்தா பேர் ஸ்டைல், அப்பா பேர் மட்டும் ஆகாது. இதைப் பார்க்கும்போது அப்பா பக்கத்தில் இருக்கவேண்டாம். (1937-க்கு முன் பிறந்த பலர் சமூகப் பாதுகாப்பு அட்டைக்கு விண்ணப்பிக்கவே இல்லை, கொள்ளுத்தாத்தா காலத்துக் கோட்டை ரொம்ப நம்பாதீர்கள்.)

செங்குத்தாக ஏறுகிற கோட்டில் கை வைக்கக்கூடாது. 1947-ல் 'லிண்டா' என்ற பாட்டு ஹிட்டானது. எழுதிய ஜாக் லாரன்ஸ் தன் வக்கீலுடைய சின்னப் பெண்ணின் பேரைப் போட்டிருந்தார். அந்த வருடம் பிறந்த பெண் குழந்தைகளில் இருபதுக்கு ஒன்றுக்கும் மேல் லிண்டா. காலங்காலமாக முதலிடத்தில் உட்கார்ந்திருந்த மேரியே எழுந்து இடம் கொடுக்கவேண்டி வந்தது.

மேடிசன் கதை இன்னும் வேடிக்கை. 1984-ல் வந்த 'ஸ்பிளாஷ்' படத்தில் கடற்கன்னி நியூயார்க் தெருப் பலகையைப் பார்த்து அந்தப் பேரை வைத்துக்கொள்வாள். தெருப் பேரை யாராவது பெண்ணுக்கு வைப்பார்களா என்பதுதான் ஜோக். 2001-ல் நாட்டிலேயே இரண்டாவது பெண் பேர் மேடிசன். ஜோக்குக்குச் சிரிக்க ஆளில்லை.

தொபுக்கென்று விழுகிற கோடும் ஆகாது. அலெக்ஸாவுக்கு அப்படித்தான் ஆனது. அமேசான் அந்தப் பேரை ஸ்பீக்கருக்கு வைத்த பிறகு, லைட்டை அணைக்கச் சொன்னால் எந்த அலெக்ஸா எழுந்து போவது?

ஸ்பெல்லிங்கை மாற்றித் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: எய்டனை எத்தனை விதமாக எழுதினாலும் பட்டியலில் தனித்தனி வரி, தனித்தனிக் கோடு. பார்க்கில் கூப்பிட்டுப் பாருங்கள், எல்லாப் பயல்களும் திரும்புவார்கள். கூடவே ஜேடன், பிரேடன், கேடனும்.

ஒரே ஒரு வழி பாக்கி. வருடத்தில் 5 குழந்தைக்கும் குறைவாக வைக்கப்பட்ட பேரைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆகவே கிராஃபிலேயே வராத பேராகப் பிடியுங்கள். ஆயுசு முழுக்க போனில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லப்போவது குழந்தைதானே, உங்களுக்கென்ன? அதற்குள் மாமியார் ஏதாவது பேர் சொல்லிக் கொஞ்ச ஆரம்பித்திருந்தால், எக்செல் சேவ் பண்ணவா என்று கேட்கும்போது வேண்டாம் என்று அழுத்திவிடுங்கள்.