சராசரி ஆசாமி வீட்டில் இல்லை

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் எட்டாவது பாடம், 'புள்ளியியலும் நிகழ்தகவும்'. பிள்ளைகள் அதைப் படிப்பதால் வீட்டுக்கு ஒரு தீங்கும் இல்லை. அப்பன்மார் படித்தால்தான் வினை. மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்து, வீச்சு, முகடு, திட்ட விலக்கம் என்று நாலு சொல் வாயில் ஒட்டிக்கொண்டதும், கல்யாணமான நாளிலிருந்து ஒரு வாக்குவாதத்திலும் ஜெயித்திராத எனக்குத் தைரியம் வந்துவிட்டது. இனி தோற்றாலும் தசம ஸ்தானத்தோடு தோற்கலாம் அல்லவா?

முதல் பிரயோகம் மொய் நோட்டின் மேல். மனைவியின் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு எழுதுவது என்று பேச்சு வந்தது. எங்கள் வீட்டுப் பால்காய்ப்புக்கு வந்த மொய் நோட்டை எடுத்து, அந்தக் கிளையார் எழுதிய பக்கத்தைப் புரட்டினேன். ஒன்பது பேர். 101 ஒருவர், 201 இரண்டு பேர், 501 நாலு பேர், 1001 ஒருவர், கடைசியில் துபாய்க்காரர் 10,001. மொத்தம் 13,509. ஒன்பதால் வகுத்தால் மீதியில்லாமல் 1501. மொய்க்கு வேண்டிய ஒற்றை ரூபாயைக்கூட மறக்காமல் வந்து விழுந்த அந்தச் சராசரியைப் பார்த்ததும் மனைவிக்குப் பூரிப்பு. "பாத்தீங்களா, கணக்கே சொல்லுது. 1501 எழுதிருங்க."

நோட்டில் 1501 எழுதியவர் ஒரு ஆள்கூட இல்லையே என்றேன். துபாய்க்காரரைத் தூக்கிவிட்டு மற்ற எட்டுப் பேரைக் கூட்டி வகுத்தால் 438 ரூபாய் ஐம்பது காசுதான். ஒரே ஒரு புண்ணியவான் சேர்ந்ததில் சராசரி மும்மடங்குக்கு மேல் எகிறிவிட்டது. இப்படிப்பட்டவர்களுக்குப் பயந்துதான் இடைநிலை அளவு என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஒன்பது பேரையும் சிறிதிலிருந்து பெரிதாக வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்கும் ஐந்தாவது ஆளைக் கேட்க வேண்டும். அவர் 501. துபாய்க்காரர் ஒரு லட்சம் எழுதினாலும் ஐந்தாமவர் அசைய மாட்டார். அதிகம் பேர் எழுதிய தொகைக்கு முகடு என்று பெயர், அதுவும் 501. ஆக, இரண்டுக்கு ஒன்று என்ற ஓட்டில் ஐந்நூற்று ஒன்று ஜெயித்தது என்று தீர்ப்பு சொன்னேன்.

"நம்ம வீட்டு விசேஷத்துக்கு மட்டும், ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு தேறும்னு இதே நோட்டை வச்சுத்தானே பந்திச் செலவுக்குக் கணக்குப் போட்டீங்க?" என்றாள். வாங்கும்போது சராசரி, கொடுக்கும்போது இடைநிலை. உலகத்தில் பெரிய பெரிய ஆட்களே அப்படித்தான் செய்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நோட்டை வாங்கி, சித்தி பேர் இருந்த வரியில் விரலை வைத்துவிட்டாள். சித்தி 501. செய்தவர்களுக்குச் செய்ததற்கு ஒரு படி மேலே திரும்பச் செய்ய வேண்டும் என்பது மரபு. 1001 எழுதினோம். அது சராசரியும் இல்லை, இடைநிலையும் இல்லை, முகடும் இல்லை. எட்டாவது பாடத்தில் அதற்குச் சூத்திரம் கிடையாது.

மின்சாரத்தில் நான் பட்டது வேறு மாதிரி. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டில் எல்லாம் அளவு: விளக்கு ஒன்பது மணிக்கு அணையும், மின்விசிறி இரண்டாம் எண்ணுக்கு மேல் சுற்றாது. அவருடைய ஒரு வருஷத்து ஆறு பில்களும் 400, 420, 410, 430, 400, 400 யூனிட். என்னுடையவை 330, 560, 540, 420, 350, 260. இரண்டையும் தனித்தனியே கூட்டி ஆறால் வகுத்துப் பாருங்கள். அவருக்கும் 410, எனக்கும் 410. இதைக் கண்டுபிடித்த அன்று, நானும் சிக்கனக்காரன்தான் என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு ஏன் பணம் மட்டும் நான் கூடக் கட்டுகிறேன்? மகள்தான் திட்ட விலக்கம் போட்டாள். ஒவ்வொரு பில்லும் 410-லிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தத் தள்ளல்களை அப்படியே கூட்டினால் மேலே போனதும் கீழே போனதும் ஒன்றையொன்று தின்று பூஜ்யம்தான் வரும். அதற்காக ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தி, கூட்டி, ஆறால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்கிறார்கள். தலைமையாசிரியருக்குப் பதினொன்றரை யூனிட். எனக்கு ஏறக்குறைய 110. கோடையில் ஏ.சி.யைப் போட்டுவிட்டு, போர்த்திக்கொள்ளக் கம்பளி தேடுகிறவனுக்கு வேறென்ன வரும்? நம் மாநிலக் கட்டண அடுக்கில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை; அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு உண்டான மலிவு அடுக்கும் கைவிட்டுப் போய்விடும். நான் இரண்டு தடவை தாண்டினேன். குளிர்காலத்தில் 260-க்கு இறங்கிச் சேர்த்துவைத்த நல்ல பெயர் அங்கே செல்லாது. சராசரி என்ற ஆசாமி பேரில் பில் வருமானால் நானும் அவரும் ஒன்று. பில் என் பேரில் அல்லவா வருகிறது!

கணக்கெடுக்க வந்தவரிடம், "வருஷச் சராசரி 410தான் தம்பி" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் மீட்டரைப் பார்த்தார், அட்டையில் எழுதினார், அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

என்னையும் ஒரு பொருட்டாக மதித்து அரசாங்கமே தேடி வந்ததும் உண்டு. குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு. அவ்வளவு பெரிய தெருவில் எங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றதும் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். வந்தவர் கையில் பெரிய பட்டியல். சில சாமான்களுக்குப் போன ஏழு நாள் கணக்கு, சிலவற்றுக்கு முப்பது நாள், துணிமணி போன்றவற்றுக்கு ஒரு வருஷம். "குடும்பத் தலைவர் நீங்கதானே? எண்ணெய் எவ்வளவு வாங்குனீங்க?" என்றார். "ஒரு லிட்டர்" என்றேன் கம்பீரமாக. "ரெண்டு" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. காய்கறிக்கும் அப்படியே, உளுந்துக்கும் அப்படியே. நான் ஒன்று சொல்வேன், குரல் திருத்தும், அவர் எழுதுவார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கேட்பதையே விட்டுவிட்டு அடுக்களை வாசல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

இந்தச் செலவுக் கணக்கெடுப்பு அடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1950-ல் தொடங்கியது. அதற்கு மூளையாக இருந்தவர் பி.சி. மஹலனோபிஸ். கல்கத்தாவில் 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவியவரும் அவரே. அவர் பிறந்த ஜூன் 29-ஐத்தான் 2007 முதல் புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறோம். ஒரு தேசத்தின் வயிற்றை அறிய எல்லா வீட்டுக்கும் போக வேண்டாம், சில வீடுகள் போதும் என்பது அவர் வழி. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்த்தே வளர்ந்த நமக்கு அது ஆச்சரியமில்லை. ஆனால் எந்தச் சோற்றை எடுப்பது என்பதில் பார்க்கிறவரின் இஷ்டம் நுழையக் கூடாது. "நம்ம வீட்டை ஏன் எடுத்தாங்கன்னு நினைக்கே?" என்று மகளிடம் பெருமையாகக் கேட்டேன். "சமவாய்ப்பு மாதிரிப்பா. ஒரு காரணமும் இல்லாம எடுக்கிறதுக்குத்தான் அந்தப் பேரு" என்றாள். சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

அக்னி நட்சத்திரத்தில் அம்மா மொட்டைமாடியில் கூழ்வத்தல் பிழிவாள். பழைய வேட்டியை விரிப்பதும், குடையோடு உட்கார்ந்து காக்கா ஓட்டுவதும் என் துறை. ஒருநாள் காலையில், ஓரிரு இடங்களில் இடியுடன் மழை பெய்யக்கூடும் என்று செய்தி. நம் ஜனங்கள் அதைச் சும்மா சொல்லிவைக்கும் பேச்சு என்று நினைக்கிறார்கள். அதற்குக் கணக்கு உண்டு: அந்த வட்டாரத்து மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேற்படாத இடங்களில் மழை என்றால்தான் 'ஓரிரு இடங்கள்'. நாலில் மூன்று பங்கு நமக்குச் சாதகம் என்று நான் அறிவித்தேன். அம்மா மத்தியானமே வந்து மேற்கே பார்த்தாள். "எய்யா, மலைப் பக்கம் கருத்துக்கிடக்கு. வத்தல எடுத்துரு." நிகழ்தகவைப் பற்றி அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டே வேட்டியின் இரண்டு முனையைப் பிடித்துச் சுருட்ட ஆரம்பித்தாள். மற்ற இரண்டு முனை என் பக்கம் இருந்தது. விளக்கம் முடிவதற்குள் அந்தப் பக்கத்து வத்தல் மறுபடியும் கூழாகிவிட்டது.

செய்தி பொய்யில்லை, என் மாடியும் அந்த ஓரிரு இடங்களில் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். நான் வைத்திருந்தது காலை நேரத்து நிகழ்தகவு. அம்மா வைத்திருந்தது, மேற்கே கருத்திருந்தால் இங்கே மழை வருவதற்கான நிகழ்தகவு. பதினோராம் வகுப்பில் இதை நிபந்தனை நிகழ்தகவு என்று படிக்கிறார்கள். அம்மா ஐந்தாவதோடு நின்றவள்.

வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்க எங்கள் வீட்டில் தாயம் ஆடுவது வழக்கம். தோற்றவர் மறுநாள் பாத்திரம் கழுவ வேண்டும். பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நாலு முகம்: வெறுமை, ஒரு புள்ளி, இரண்டு, மூன்று. ஒன்று விழுந்தால் தாயம். இரண்டுமே வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. தாயம் விழாமல் காய் கட்டத்துக்குள் இறங்காது. மைத்துனர் கட்டையை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டே, "என்னத்தான் பெரிய கணக்கு? ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, பன்னெண்டு. விழுறது ஏழு விதம். தாயத்துக்கு ஏழில் ஒரு பங்கு" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

மகள் எழுந்துபோய்க் குங்குமச்சிமிழைக் கொண்டுவந்து ஒரு கட்டையின் இரண்டு நுனியிலும் பொட்டு வைத்தாள். "இப்ப பாருங்க மாமா." பொட்டுக் கட்டையில் வெறுமை, மற்றதில் ஒன்று; அது ஒரு தாயம். பொட்டுக் கட்டையில் ஒன்று, மற்றதில் வெறுமை. அது வேறொரு தாயம். பொட்டில்லாதபோது இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்ததுதான் மயக்கம். நாலு முகத்தை நாலு முகத்தோடு சேர்த்தால், விழக்கூடிய விதம் எல்லாம் அடங்கிய கூறுவெளியில் பதினாறு வீடு. அதில் தாயத்துக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று, மூன்றுக்கு நாலு, நாலுக்கு மூன்று, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று. தாயம் எட்டில் ஒரு பங்கு. மைத்துனர் முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்காமல் ஆறுதல் சொன்னேன்: பிரெஞ்சு மேதை டாலம்பேர் 1754-ல் கலைக்களஞ்சியத்திலேயே இதே தவறைச் செய்திருக்கிறார். நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ நாலில் மூன்று வாய்ப்பு. அவர் மூன்றில் இரண்டு என்று எழுதினார். அதிலிருந்து மைத்துனர் யார் வீட்டுக்குப் போனாலும் டாலம்பேரைப் பற்றிப் பேசுகிறார்.

அன்றைக்கு எனக்குத் தாயமே விழவில்லை. சராசரியாக எட்டு உருட்டலுக்கு ஒரு தாயம் என்கிறது கணக்கு. ஆனால் எட்டு உருட்டியும் ஒன்றுகூட விழாமல் போவது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலே நடக்கிற காரியம். நான் விடவில்லை. இவ்வளவு நேரம் விழாததால் அடுத்தது விழுந்தே தீரும் என்று சொல்லிச் சொல்லி உருட்டினேன். மான்டி கார்லோ சூதாட்ட மாளிகையில் 1913 ஆகஸ்ட் 18-ஆம் தேதி, சுழல் சக்கரத்தில் தொடர்ந்து 26 தடவை கறுப்பிலேயே பந்து விழுந்ததாம். இனிச் சிவப்புதான் என்று சிவப்பில் கொட்டியவர்கள் எல்லாம் ஓட்டாண்டி. பித்தளைக்குப் போன உருட்டல் ஞாபகம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். இதே பாடத்தை மகளுக்குச் சொல்லியும் கொடுத்தேன். கட்டை கையில் இருக்கும்போது அது தெரிவதில்லை.

அம்மா இதெல்லாம் கேட்டமாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அவள் ஆடுவதைக் கவனித்தேன். வெட்டுக்குத் தப்ப மலைக்கட்டம் கிடைக்காதபோது, எதிரிக் காய்க்கு ஆறு கட்டம் தள்ளி நிற்பாள். மூன்று கட்டம் தள்ளி நிற்கவே மாட்டாள். ஏன் என்று கேட்டேன். "மூணுதானடா சும்மா சும்மா விழும்" என்றாள். பதினாறில் நாலு. பாத்திரம் நான் கழுவினேன்.

உங்கள் வீட்டுப் பரணில் தாயக்கட்டை கிடந்தால் எடுத்துத் துடைத்து 160 தடவை உருட்டிப் பாருங்கள். எதிர்பார்க்க வேண்டிய தாயம் 20. கச்சிதமாக இருபதே விழவில்லை என்று கட்டையைச் சந்தேகப்படாதீர்கள்; இதற்குத் திட்ட விலக்கம் நாலுக்குக் கொஞ்சம் மேலே. பத்து வீட்டில் உருட்டினால் ஏறக்குறைய ஏழு வீட்டில் 16 முதல் 24 வரைக்குள் வரும், மற்ற வீடுகளில் அதற்கு வெளியே போகும். பந்தயமாகப் பாத்திரம் கழுவுவதை மட்டும் வைத்துவிடாதீர்கள்.