நாய்ச்சோற்று இலக்கணம்

பாயிரம்

வீட்டு நாய்க்கு வீட்டுச் சாப்பாட்டைக் கொடுக்கலாமா என்னும் வினாவுக்கு விடை கூறும் ஆசிரியர் இருவகைப்படுவர்: கால்நடை மருத்துவர், பாட்டி. "பாக்கெட்டில் இருப்பதை மட்டும் போடுங்கள்" என்பர் முன்னவர். "நாம சாப்பிடுறப்ப வாயில்லா ஜீவன் வாயப் பாத்துக்கிட்டு இருந்தா நமக்குத்தான் வயித்த வலிக்கும்" என்பர் பின்னவர். முன்னவர் கையில் பட்டமும் பின்னவர் கையில் கரண்டியும் இருத்தலின், வழக்கு இன்றளவும் தீர்ந்தபாடில்லை. அதைத் தீர்ப்பதே இந்நூல் நுதலிய பொருள்.

நாய்க்கெனத் தனியே பிஸ்கட் செய்து விற்கும் தொழிலை லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்பவர் 1860களில் நிறுவினார். அதற்கு முன் பல்லாயிரம் ஆண்டு நாய் நம் அடுப்பை நம்பியே வாழ்ந்தது. அதற்கேற்ப அதன் உடம்பும் மாறிவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஒன்று ஓநாய்க்கு 2 படிகளும் நாய்க்கு 4 முதல் 30 படிகளும் உண்டென 2013-இல் உப்சாலா ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதினர். எனவே சோறு நாய்க்கு அந்நியம் அன்று.

1. கொடுப்போர் இயல்

கொடுப்போர் நால்வர்.

வெளிப்படக் கொடுப்போர்: கிண்ணம் எடுத்து, அளந்து, ஆறவைத்து வைப்பவர். காண்டற்கு அரியர்.

மறையக் கொடுப்போர்: கண் டிவியில் இருக்கும்; முகத்தில் ஒரு குற்றமும் தெரியாது; மேசைக்குக் கீழே தொங்கும் இடது கை மட்டும் மணிக்கட்டு வரை ஈரமாக இருக்கும்.

சிந்திக் கொடுப்போர்: மூன்று வயதுக் குழந்தைகள். நாய் எவர் நாற்காலிக்குக் கீழே படுக்கிறதோ அவரே இவ்வகையினர் என்று கொள்க.

மறுத்துக் கொடுப்போர்: "யாரும் எதுவும் போடக்கூடாது" என்று சட்டம் இயற்றிய குடும்பத் தலைவர். காலை ஆறு மணிக் காபியின்போது மேரி பிஸ்கட்டில் பாதி யாருக்குப் போகிறது என்பதை வீடே அறியும். அவர் மட்டும் அறியார்.

நால்வரும் சொல்வது ஒரே சொல்: "கொஞ்சம்தான் போட்டேன்." நூல் செய்வோர்க்குக் கூறியது கூறல் குற்றமாவது போல, நாய் வளர்ப்போர்க்குக் கொடுத்தது கொடுத்தல் குற்றம். இடைத்தீனி எல்லாம் சேர்ந்து அன்றைய உணவின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது மருத்துவர் கணக்கு. நான்கு கொஞ்சம் சேர்ந்தால் அந்தக் கணக்கு காலைப் பலகாரத்தோடு முடிந்துவிடும்.

2. இரத்தல் இயல்

நாய் இரக்கும் முறை ஐந்து: உற்று நோக்கல், தலை சாய்த்தல், முழங்காலில் முகவாய் வைத்தல், முனகல், எச்சில் ஒழுக்கல். ஐந்தும் மணத்தைப் பற்றி எழுவன. பசியைப் பற்றி எழவேண்டுவதில்லை. என்னை? கிண்ணத்தை நக்கி முடித்த மறுநிமிடமும் இவை நிகழக் காண்டலின்.

3. பொருள் இயல்

பொருள் மூவகைப்படும்: ஆவன, ஐயுறுவன, ஆகாதன.

ஆவன: வெறுஞ்சோறு, எலும்பு நீக்கி உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறி, அவித்த முட்டை, கேரட், பூசணி, தாளிக்காத தயிர்சாதம் சிறிதளவு.

ஐயுறுவன: பாலும் நெய்யும். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. கொழுப்பு மிகுந்தால் கணையம் வீங்கும்.

ஆகாதன பற்றியே விரித்துரைக்க வேண்டும். "சாம்பார் சாதம்தானே, என்ன ஆகிவிடும்?" எனின், சாம்பாரைப் பகுத்துக் காண்போம். பருப்பு குற்றமற்றது. அதில் கிடக்கும் சின்ன வெங்காயம் குற்றமுடையது. நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பது. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் நாயை நோயில் தள்ளப் போதும். வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்நஞ்சு போகாது. பூண்டும் அவ்வினமே. ஈறு வெளுத்து நாய் சோர்ந்து படுக்கச் சில நாள் ஆகுமாகலின், "நேத்துகூடத் தின்னுச்சே, ஒண்ணும் ஆகலையே" என்னும் சான்று செல்லாது.

அடுத்தது புளி. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது முன்பே தெரியும். காரணம் நெடுநாள் பிடிபடவில்லை. அது டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என 2021-இல் அமெரிக்க நஞ்சியல் மருத்துவர்கள் சுட்டினர். அதே அமிலம் புளியில் நிறைய உண்டு. புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் கெட்டதையும் பின்னர்ப் பதிவு செய்தனர். ஆகவே ரசம், வத்தக்குழம்பு, புளியோதரை மூன்றும் விலக்கு.

சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினை நாயின் உடம்பு மெல்லவே வெளியேற்றும். அதற்குள் நெஞ்சு படபடக்கும், வலிப்பும் வரலாம். சர்க்கரை சேர்க்காத சூயிங்கம் சிலவற்றில் உள்ள சைலிடால், கிலோ எடைக்கு 0.1 கிராம் சென்றாலே ரத்தச் சர்க்கரையைச் சரிக்க வல்லது.

அஃதேல், எலும்பு நாய்க்கு உரியது அன்றோ எனின், அற்றன்று. வெந்த எலும்பு கூரிய சிம்புகளாகப் பிளந்து குடலைக் குத்தும். பிரியாணி எலும்பு அனைத்தும் வெந்தவை.

4. துணிபு

இனி, சாப்பிட்டு எழுந்தவர் இலையைப் பாருங்கள். ஓரத்தில் ஒதுக்கிய வெங்காயம், உறிஞ்சிப் போட்ட எலும்பு, கொழுப்புத் துண்டு, ரசம் ஊறிய நான்கு பருக்கை. ஆகாதன என்று மேலே சொன்னவற்றுள் பாதி அந்த ஒரே இலையில் கிடக்கும். அதைத்தான் வழித்து, "பாவம், சாப்பிடட்டும்" என்று நாய்க்குப் போடுகிறோம்.

எனவே மனித உணவு, நாயுணவு என்னும் பாகுபாடு பொருந்தாது. பங்கு, மிச்சம் என்பதே பொருந்தும் பாகுபாடு. உப்பும் புளியும் வெங்காயமும் சேருமுன் எடுத்து வைப்பது பங்கு. நாம் தின்று கழித்தது மிச்சம். பாட்டிக்கு இது புதிதன்று. காக்கைக்குச் சோறு வைக்கும்போது அவர் மிச்சத்தை வைப்பதில்லை, யாரும் வாய் வைக்குமுன் முதற்பிடியை வைக்கிறார். அந்த முறையை நாய்க்கும் நீட்டினால் அவர் சொல்லும் நிற்கும், மருத்துவர் சொல்லும் பெரிதும் நிற்கும்.

5. புறனடை

பங்கு என்பது பக்கத்துணையே. வெறுஞ்சோறும் தயிரும் மட்டும் ஆண்டு முழுதும் ஒரு நாயை வளர்க்கமாட்டா. ஆகாதது வயிற்றுக்குள் போய்விட்டது என்று தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திராமல், தின்றதன் உறையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுக.

மற்றபடி, நாளை மதியம் குக்கரைத் திறந்ததும் ஒரு கரண்டி சோற்றை முதலில் நாயின் கிண்ணத்தில் எடுத்து ஆறவையுங்கள். இலையில் ஒதுக்கியதைக் குப்பைக் கூடையில் போட்டு, மூடியை நன்றாக அழுத்தி மூடுங்கள்.