சங்கம் சேர்ந்த முதலாளியம்மாள்

பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் அண்மைக் காலத்தில் பல்கிப் பெருகியிருக்கும் பலவகை முதலாளிகளுள், குரோஷா முதலாளியம்மாளைப் போல் வசீகரமும் பரிதாபமும் ஒருங்கே வாய்ந்தவர் வேறொருவர் இலர் என்பது என் துணிபு. முனையில் கொக்கி வைத்த ஒற்றை ஊசியும் ஓர் உருண்டை நூலுமே மூலதனமாக உடைய அவருடைய ஸ்தாபனத்தில் முதலாளி அவரே, தொழிலாளியும் அவரே, கணக்குப்பிள்ளை, பார்சல் கட்டும் பையன், வாங்கியவர்களின் குறைகளைக் கேட்டுக் கண் கலங்கும் அதிகாரி, பின்னி முடித்த குல்லாயை மாட்டிப் பார்க்க அவசரத்துக்கு ஒரு குழந்தையின் தலை அகப்படாமையால் தேங்காயின்மேல் மாட்டிப் புகைப்படம் எடுக்கும் கலைஞர் ஆகிய சகல உத்தியோகங்களையும் வகிப்பவரும் அவரே. இத்தனை உத்தியோகங்களில் ஒன்றுக்கேனும் அவருக்குச் சம்பளம் உண்டா என்று கேட்பது நாகரிகமன்று.

இத்தொழில் தொடங்கும் விதம் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ஒன்றேதான். தங்கை மகளின் சீமந்தத்திற்கோ தம்பி பிள்ளையின் ஆண்டு நிறைவிற்கோ அம்மையார் அன்பின் மிகுதியால் ஒரு ஜோடிக் காலுறை பின்னிக் கொடுப்பார், அதைக் கையிலெடுத்துப் பார்த்த சுற்றத்தார், "கடையிலே வாங்கினது மாதிரியே இருக்கே!" என்று வியப்பர், கையால் செய்த பொருளுக்குக் கடைச் சரக்கைக் காட்டிப் புகழுரை வழங்கும் இவ்வினோதத்தை அம்மையார் பொருட்படுத்தமாட்டார். "இதை நீ விக்கலாமே!" என்று அடுத்து ஒருவர் சொல்வார். அவ்வாறு சொன்னவர் பின்னர் ஒருநாளும் வாங்கியதில்லை என்பது இத்தொழிலின் பூர்வ சரித்திரத்தில் தவறாமல் காணப்படும் செய்தி. ஆதார் அட்டையைக் கொண்டு சிறு தொழில்களைக் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ள அரசாங்கம் 2020 ஜூலை முதல் அளித்துவரும் 'உத்யம்' வசதி அவருக்குப் பெரும் உற்சாகத்தைத் தருகிறது; சான்றிதழ் கண்ணாடிச் சட்டம் போடப்பட்டுப் பூஜை அறைக்கு வெளியே, மாமனார் படத்திற்குச் சற்றுத் தாழ்வாக, மாட்டப்படுகிறது.

அவரோடு ஒரு வீட்டில் வசிப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். பின்னல் வேலை முழுவதும் எண்ணிக்கையைப் பற்றியே நடப்பதாகையால், சங்கிலி போட்டு எண்ணிக்கொண்டிருக்கும் தருணத்தில், "என் மூக்குக் கண்ணாடியைப் பார்த்தாயா?" என்று கேட்கும் கணவர், "எண்பத்திரண்டு" என்னும் மறுமொழியைப் பெற்றுத் திகைக்கிறார். இரண்டாம் முறை கேட்டால் மறுமொழியும் வாராது; நிமிர்ந்து ஒரு பார்வை வரும்; போட்ட வரிசை முழுவதும் பிரிக்கப்படும்; அன்றைய இரவு உணவின் காலமும் சுவையும் அதற்கேற்ப மாறுதலடையும்.

ஆனால் அவருடைய உண்மையான துயரம் விலை சொல்லும் இடத்தில் இருக்கிறது. ஒரு குழந்தைப் போர்வைக்கு நூல் 600 ரூபாய் ஆயிற்று என்றும், 40 மணி நேரம் பின்னினார் என்றும், 1,500 ரூபாய்க்கு விற்றார் என்றும் வைத்துக்கொண்டால், மணிக்கு இருபத்திரண்டரை ரூபாய் கூலி விழுகிறது. இக்கணக்கை அம்மையார் அறியாதவரல்லர். பள்ளிக்கூடத்தில் கணிதத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவராகக்கூட இருப்பார். எதிரே வாங்குபவர் முகத்தைக் கண்டவுடன் அக்கணிதம் அவரை விட்டு நீங்கிவிடுகிறது என்பதே விஷயம். "ஏம்மா, சும்மா உக்காந்திருக்கிற நேரத்திலேதானே பின்னறே, அதுக்குப் போய்க் காசா?" என்று நாத்தனார் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், ஆயிரத்து ஐந்நூறு ஆயிரமாகி, ஆயிரம் எழுநூறாகி, கடைசியில் "நூலுக்கு மட்டும் கொடுங்கோ அக்கா" என்று முடிகிறது. "கடைத்தெருவில் இதே மாதிரி முந்நூறு ரூபாய்க்குத் தொங்குகிறதே" என்பது வேற்று மனிதர் எய்யும் பாணம். அசல் குரோஷாவைப் பின்னும் யந்திரம் இதுகாறும் உலகில் புழக்கத்துக்கு வரவில்லை. ஆகவே கடைத்தெருவில் தொங்கும் அந்த முந்நூறு ரூபாய்ச் சரக்கும் எங்கோ ஓர் ஊரில் எவளோ ஒருத்தியின் விரல்களிலிருந்து வந்ததேயாகும். அவளுடைய நாத்தனாரும் ஏதோ சொல்லியிருக்கவேண்டும்.

இந்த 'சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம்' என்னும் சித்தாந்தம் நேற்றுத் தோன்றியதன்று. ஆந்திர தேசத்தில் கோதாவரிக் கழிமுகத்தை அடுத்த நரசாப்பூரில், 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிமார் கற்பித்த குரோஷா லேஸ் வேலை சுற்று வட்டாரக் கிராமங்களெல்லாம் பரவி, அங்குள்ள பெண்கள் திண்ணையில் அமர்ந்து பின்னியது கப்பலேறி அந்நிய தேசங்களின் மேஜைகளை அலங்கரித்தது. மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய சமூகவியல் அறிஞர் அவ்வூர்களில் ஆராய்ந்து 1982-இல் வெளியிட்ட நூலில், அப்பெண்கள் உலகச் சந்தைக்காக நாள் முழுதும் உழைத்தும் 'இல்லத்தரசிகள்' என்றும், அவர்களுடைய வேலை ஓய்வு நேரக் காரியம் என்றும் கருதப்பட்டமையால் கூலி அற்பமாகவும் வியாபாரிகளின் ஆதாயம் அமோகமாகவும் இருந்ததை விரித்துரைத்தார். நரசாப்பூர் லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஓய்வு நேரச் சித்தாந்தத்திற்கும் ஒரு குறியீடு வழங்குவதானால், எந்த ஊருக்கு வழங்குவது என்று அரசாங்கம் திண்டாட நேரிடும்.

இத்தகைய மனோவியாகூலத்தின் உச்சியில்தான் நம் அம்மையார் சங்கத்தில் சேர்கிறார். சங்கமென்றால் பெரிய கட்டடமும் தலைவரின் படமும் உடைய ஸ்தாபனம் என்று எண்ணவேண்டாம்; மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை மாலையில் இப்படிப்பட்ட முதலாளிகள் ஒன்றுகூடி ஒருவர் குறையை ஒருவர் கேட்டு ஆறுதலும் ஆலோசனையும் பரிமாறிக்கொள்ளும் கூட்டம் அது. நான் குடியிருக்கும் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் அது நடைபெறுவதாலும், அக்கூடத்தின் ஜன்னல் என் சாய்வு நாற்காலிக்கு நேரே அமைந்திருப்பதாலும், அதன் நடவடிக்கைகளை நான் முயற்சியின்றியே அறிந்துகொள்ள நேர்கிறது.

புதிதாகச் சேர்பவர் முதல் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை என்னும் விரதத்தோடு வந்து அமர்கிறார். பக்கத்தில் இருப்பவர், "உங்களுக்கும் 'சும்மாதானே இருக்கே' உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்கிறார். அவ்வளவுதான், பல ஆண்டுகளாகத் தேங்கிக் கிடந்தது உடைத்துக்கொண்டு புறப்பட, காபி ஆறி, பஜ்ஜி தீர்ந்து, வாயிற்காவலர் விளக்கை அணைக்க வந்து நின்ற பின்னும் பிரசங்கம் ஓய்வதில்லை. தம் துக்கம் உலகத்தில் தமக்கு மட்டுமே உரிய தனிச் சொத்தன்று என்று கண்டுகொள்வதில் மனிதருக்கு உண்டாகும் ஆனந்தத்தை நான் அந்த ஜன்னல் வழியாகவே கற்றேன்.

ஆனால் துக்கத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் தாராளம் நூல் வாங்கும் கடையின் விலாசத்திற்குப் பொருந்தாது. "இந்தப் பருத்தி நூல் எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டால், "அதுவா, பாரிமுனைப் பக்கம்" என்று ஒரு நகரத்தின் பாதியைக் கையால் சுட்டிக்காட்டி விடையளிக்கிறார்கள். இதிலும் நம்மவர்க்கு முன்னோடிகள் உண்டு. 1845-இல் தொடங்கிய கொடிய பஞ்ச காலத்தில் அயர்லாந்தின் ஏழைக் குடும்பங்களுக்குக் கன்னிமாடங்களும் தர்மசிந்தையுள்ள சீமாட்டிகளும் குரோஷா லேஸ் பின்னக் கற்பித்துச் சோற்றுக்கு வழி செய்தபோது, ரோஜா பின்னும் குடும்பம் ரோஜாவும் இலை பின்னும் குடும்பம் இலையுமாகத் தனித்தனியே தேர்ச்சி பெற்று, தத்தம் மாதிரிகளை அயலார் கண்ணில் படாமல் காத்தன என்பர். பசிக்கும் காலத்திலேயே அப்படியென்றால், பஜ்ஜி தின்னும் காலத்தில் சொல்லவேண்டுவதில்லை.

சாஸ்திர விசாரமும் உண்டு. அமெரிக்கர் 'சிங்கிள்' என்று எழுதும் பின்னலை ஆங்கிலேயர் 'டபிள்' என்றும், அவர்களுடைய 'டபிள்' இவர்களுக்கு 'டிரெபிள்' என்றும் வழங்குவதால், எந்தத் தேசத்துக் குறிப்பு என்று பாராமல் பின்னத் தொடங்கிய ஒருவர் ஆறு மாதக் குழந்தைக்கு உத்தேசித்த சட்டை அதன் அண்ணனுக்குச் சரியாயிற்று. இதைப்பற்றி இரு கட்சிகளாகப் பிரிந்து நிகழும் வாதம் தீவிரமடையும்போதெல்லாம் மூத்த அங்கத்தினர் ஒருவர் எழுந்து, 2016 ஜனவரியில் இதே சென்னையில் பெண்கள் திரண்டு 11,000 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட குரோஷாப் போர்வையை உருவாக்கிக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற வீரகாதையை நினைவூட்டுவார். உடனே சபையில் அமைதி நிலவும். கின்னஸ் புத்தகத்தார் அதற்கு விலை கேட்கவில்லையாதலால் அக்காரியம் இலகுவாக முடிந்தது என்று எனக்குத் தோன்றும்; ஜன்னலிலிருந்து சொல்லத் துணிவில்லை.

விலை நிர்ணயத்தைப் பற்றிய தீர்மானம் ஒவ்வொரு கூட்டத்திலும் ஏகமனதாக நிறைவேறுகிறது. நூலின் கிரயம், மணிக்கணக்கில் கூலி, பார்சல் செலவு, அவற்றின்மேல் ஆதாயம் என்று சூத்திரம் வகுத்து, இதற்குக் கீழே ஒரு பைசாவும் இறங்குவதில்லை என்று கைதட்டுகிறார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் ஓர் அம்மையார் பக்கத்து அம்மையாரின் மடியிலிருக்கும் கைப்பையை எடுத்துப் பார்த்து, "என் பொண்ணுக்கு எடுத்துக்கறேன், நமக்குள்ளேதானே, கொஞ்சம் குறைச்சுக்கோயேன்" என்கிறார். அவரும் குறைத்துக்கொள்கிறார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் சங்கம் வெறும் பஜ்ஜிச் சங்கம் என்று தீர்ப்பளித்திருப்பேன். ஆனால் தமக்காகப் பத்து ரூபாய் வாய்விட்டுக் கேட்கக் கூசும் இவர்கள் பிறருக்காகக் கேட்பதென்றால் பத்ரகாளியாகிவிடுகிறார்கள் என்னும் இரகசியத்தை யாரோ ஒரு புத்திசாலி கண்டுபிடித்துவிட்டார். அது முதல் வாடிக்கைக்காரர் விலை கேட்டால், "எங்க மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன்" என்று மறுமொழி சொல்லப்படுகிறது. மேனேஜராவது மூன்றாம் மாடி அம்மையார். மூன்றாம் மாடி ஸ்தாபனத்திற்கு மேனேஜர் கீழ்த்தளத்து அம்மையார். நாத்தனார்கள் இந்த ஏற்பாட்டின் முன் நிலைகுலைந்தனர். ஊர்பேர் தெரியாத ஒரு மேனேஜரிடம், "சும்மாதானே உக்காந்திருக்கே" என்று எவ்வாறு சொல்வது? சென்ற தீபாவளிக்கு எங்கள் கட்டடத்தில் ஒரு போர்வை முழு விலைக்கு விற்றது. அந்தச் சந்தோஷத்தில் அம்மையார் அதனுடன் ஒரு குல்லாயை இலவசமாகக் கொடுத்துவிட்டார் என்பதை மேனேஜர் இன்னும் அறியார்.

வாசகர்களில் எவருக்கேனும் போர்வையோ குல்லாயோ தேவைப்பட்டால் தாராளமாக வரலாம். பாதித் தொகை முன்பணம். எண்ணிக்கொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுக்கலாகாது. பேரம் பேச விரும்புவோர் மூன்றாம் மாடிக்குச் செல்லவேண்டும். மின்தூக்கி வேலை செய்யவில்லை.